ராஜபாளையம் குட்டிக்குக் காது கேட்கவில்லையா?

தம்பி, தட்டைத் தட்டியும் உங்கள் ஆறு வாரக் குட்டி திரும்பவில்லை, 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று விற்றவர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சரியாகாது. குட்டிக்குக் காதுத்துளை இரண்டு வாரத்திலேயே திறந்துவிடும். தூய வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு உள்காதில் நிறமி உயிரணுக்கள் இருக்காது. அதனால் பிறந்த சில வாரங்களுக்குள் கேட்க உதவும் உயிரணுக்கள் செத்துப்போகும். நாம் விரும்பும் வெள்ளை நிறத்துக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் அந்தக் குட்டி கொடுக்கும் விலை அது.

ஆனால் முடிவுகட்டும் முன் இன்னொரு முறை பாருங்கள். குட்டி தூங்கும்போது, தரை அதிராமல், காற்றுப் படாமல், பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது வேண்டாம். அவை எழுந்தால் இதுவும் எழும், நான் ஒரு முறை அப்படி ஏமாந்திருக்கிறேன். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். மூளைத்தண்டின் மின்னலைகளை அளக்கும் சோதனைதான் உறுதி சொல்லும்.

கண்காட்சி ஆசையை விடுங்கள். இனப்பெருக்கத்துக்கு இதை விடவே கூடாது. தாய் தகப்பனை மறுபடி இணைக்க வேண்டாம் என்று விற்றவரிடமும் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

வளர்க்கலாம், தாராளமாக. கைச்சைகையில் பழக்குங்கள். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள், மூக்கருகே கையை நீட்டினால் மோப்பத்தில் விழித்துக்கொள்ளும். தெருவில் மட்டும் கயிறில்லாமல் ஒருநாளும் விடாதீர்கள்.