வீடு கட்டுவோர் கேள்வி – பதில்: கொக்குவிலில் மேப்பிள் மரமா?

கேள்வி: வீட்டை முப்பரிமாண மொடலாக்கும் ரெவிட் சொஃப்ட்வெயரில் வீட்டுப் பிளான் கீறுகிற வேலை எனக்கு. வீட்டுக்காரரில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருப்பதால், பிளானை விட ‘உண்மை மாதிரி’ ஒரு படத்தைத்தான் கேட்கிறார்கள். அதற்காக மொடலை வேறு சொஃப்ட்வெயருக்குக் கொண்டுபோய், அங்கே திரும்பவும் நிறம் பூசிப் படம் எடுக்கிறோம். ஒரு ஜன்னலை மாற்றச் சொன்னால் எல்லாம் முதலில் இருந்து. ரெவிட்டிலேயே எடுத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், தங்கச்சி. ஜன்னலை மாற்றச் சொல்லாத வீட்டுக்காரரை நான் இன்னும் காணவில்லை. பிளானும் படமும் ஒரே மொடலில் இருந்தால், ஒரு இடத்தில் மாற்ற முகப்பு, வெட்டுமுகம், ஜன்னல் அட்டவணை எல்லாம் சேர்ந்து மாறும். ரெண்டரை, அதாவது மொடலை உண்மை மாதிரிப் படமாக்கும் வேலையை, மறுபடி ஓடவிடுவதுதான் மிச்சம். ரெவிட் படம் வடிவில்லை என்று சொல்பவர்களின் கோப்பைத் திறந்து பாருங்கள். வெயில் பிழையாக இருக்கும், இல்லாவிட்டால் மெற்றீரியல் (சுவர், தரைக்குக் கொடுக்கும் பொருளும் நிறமும்) பிழையாக இருக்கும்.

முதலில் வெயில். புதுக் கோப்பு ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் நின்றால் அந்த ஊர் வெயில்தான் உங்கள் சுவரில் விழும். இடத்தை யாழ்ப்பாணத்துக்கு மாற்றுங்கள்: வடக்கு 9.67 பாகை, கிழக்கு 80 பாகை. பிறகு உண்மை வடக்கைத் திருப்பி வையுங்கள். தாளுக்கு வசதியாக நாம் நேராக்கி வைத்த வடக்கைச் சூரியன் கணக்கில் எடுக்காது. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். ஓகஸ்ட் கடைசியிலும் அப்படித்தான். அந்த நேரத்தைக் கொடுத்தால் சன்ஷேட்டின் நிழல் சுவரோடு ஒட்டி விழுந்து முகப்பு தட்டையாகிவிடும். வடக்கு வாசல் வீடு என்றால் ஜூன் மாதத்தில் காலை எட்டரை, ஒன்பது மணியைக் கொடுத்துப் பாருங்கள். அந்த மாதம் சூரியன் நாள் முழுக்க நமக்கு வடக்கே நிற்பதால் விறாந்தைத் தூண்கள் எடுப்பாகத் தெரியும். அதே வீட்டுக்கு டிசம்பரைக் கொடுத்தால் முகப்பு முழுக்க நிழல். வீட்டுக்காரர் “ஏன் இருட்டாக்கிடக்கு?” என்றுதான் முதலில் கேட்பார்.

அடுத்தது மெற்றீரியல். கிராபிக்ஸ் பக்கத்தில் கொடுக்கும் நிறம் வரைபடத்துக்கு. ரெண்டர் பார்ப்பது அப்பியரன்ஸ் பக்கத்தை. முதல் பக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டு நிறம் வரவில்லை என்று மண்டையை உடைப்பவர்கள் அதிகம். இன்னொரு வில்லங்கமும் உண்டு: இரண்டு மெற்றீரியல் ஒரே அப்பியரன்ஸைப் பங்குபோட்டால், மதிலுக்கு நிறம் மாற்ற சாமியறைச் சுவரும் மாறும். அதைப் பிரதி எடுத்துத் தனியாக்கிய பிறகு கையை வையுங்கள். குசினி ரைல்ஸின் அளவையும் பாருங்கள். நீங்கள் அப்பியரன்ஸில் ரைல்ஸுக்குப் போட்ட படத்தில் இரண்டடி ரைல்ஸ் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இருந்தால், அந்தப் படத்தின் அளவு 1200 மில்லிமீற்றர். அதைக் கொடுக்காவிட்டால் ரைல்ஸ் பிழையான அளவில் தெரியும்.

கமராவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்மட்டமும் பார்க்கும் புள்ளியின் மட்டமும் ஒரே உயரத்தில் இருந்தால் சுவர் சரியாது.

மரங்கள்தான் எனக்கு ஆகாத விஷயம். ரெவிட்டோடு வரும் மரங்களில் சிவப்பு மேப்பிள், ஓக், ஜப்பான் செரி எல்லாம் உண்டு. ரொறன்ரோவில் இருக்கிற மனுசனுக்குக் கொக்குவில் வீட்டு முற்றத்தில் மேப்பிள் மரத்தைக் காட்டினால் என்ன நினைப்பார்? வளவுக்கே போங்கள். மொடலில் கமரா நிற்கும் இடத்தில் நின்று, அதே திசையில், நீங்கள் கொடுத்த வெயில் நேரத்திலேயே ஒரு போட்டோ எடுங்கள். ரெண்டரின் பின்னணிக்கு வானத்துக்குப் பதிலாக அந்தப் படத்தைப் போடலாம். பக்கத்து வளவுப் பனையும் தண்ணீர்த் தாங்கியும் வந்துவிட்டால் வீடு ஊருக்குள் வந்துவிடும். வெள்ளைச் சுவர் வெளிறிப்போனால் பயப்பட வேண்டாம். ஒளியளவை ரெண்டர் முடிந்த பிறகும் கூட்டிக் குறைக்கலாம்.

கேள்வி: ஒரு படம் வர இரவு முழுக்க எடுக்கிறது. நல்ல கிராபிக்ஸ் கார்ட் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: ரெவிட்டின் சொந்த ரெண்டருக்கு என்றால் காசு வீண். அது புரொசசரில் ஓடுவது. ட்வின்மோஷன் என்ற தனி ரெண்டர் சொஃப்ட்வெயருக்குப் போவதாக இருந்தால் வாங்குங்கள். அதற்கு நல்ல கார்ட் இல்லாமல் சரிவராது. ரெவிட் மொடலோடு நேரே தொடுத்து வைக்கலாம், ஆண்டு வருமானம் 10 லட்சம் அமெரிக்க டொலருக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். அந்த வரம்பு நம்மில் யாருக்கும் இடைஞ்சலாக இராது என்று நினைக்கிறேன்!

அதற்கு முதல் உங்கள் அளவைப் பாருங்கள். A3 தாளுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கொடுத்தால் 4961க்கு 3508 பிக்சல். 150 ஆக்கினால் பிக்சல் கால்வாசியாகும், நேரமும் ஏறக்குறைய அப்படியே இறங்கும். போனில் பார்க்கப் போகிற படத்துக்கு அது தாராளம். நிறம் சரிபார்க்க முழுப் படத்தையும் ஓடவிடாமல், ஒரு மூலையை மட்டும் தெரிவுசெய்து டிராஃப்ட் தரத்தில் பாருங்கள். வெளித்தோற்றம் எடுக்கும்போது உள்ளே இருக்கிற தளபாடங்களை மறைத்து வையுங்கள். முடிந்த படத்தை வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டொக்கியுமென்றாக அனுப்புங்கள்.