வாசகர் கேள்வி பதில்: சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தீர்களா?

கே: நூறாண்டுப் பழமையான நாடக அரங்கை ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்கு எடுத்திருக்கிறோம். பூவேலை சீலிங்கில் ஒழுகல் கறை. ஓட்டை அடைத்து, வெள்ளையடித்துத் திறந்துவிடலாமா?

ப: கூடாது. அக்கால சீலிங்குகள் பலவும் சாக்குத்துணியும் மரச்சட்டமும் உள்ளே பதித்து வார்த்த ஜிப்சம் பலகைகள். மேலுள்ள உத்தரங்களிலிருந்து அவற்றைத் தொங்கவிட்டிருப்பதும் ஜிப்சத்தில் தோய்த்த சாக்குப் பட்டைகள்தான். ஈரம் பட்டுப் பட்டு பட்டை இற்றுப்போகும்; கீழிருந்து பார்த்தால் பலகை நன்றாகவே இருக்கும். லண்டன் அப்பல்லோ அரங்கில் 2013 டிசம்பரில், நாடகம் நடக்கும்போதே சீலிங்கின் ஒரு பகுதி விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இற்றுப்போன பட்டைகளே காரணம்.

முதலில் கறைக்கு நேர் கீழே உள்ள இருக்கைகளை அடைத்துவிடுங்கள். மேலே ஏறுபவர் உத்தரத்துக்கு உத்தரம் பலகை போட்டு அதன்மேல்தான் நகர வேண்டும். ஜிப்சத்தில் கால் வைக்கக் கூடாது. பழைய குழாய்களில் வெள்ளை நார்ச் சுற்று இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சோதிக்கும்வரை தொடாதீர்கள்.

ஒவ்வொரு பட்டைக்கும் எண் போட்டுப் படமெடுங்கள். விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்வது, நார் கறுத்திருப்பது, பலகைக்கும் பட்டைக்கும் இடையே விரிசல்: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பட்டையை நம்பாதீர்கள். பழையதைப் பிய்த்தெடுக்க வேண்டாம், அதிர்விலேயே பக்கத்துப் பட்டை விட்டுவிடும். அருகிலேயே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் புதுப் பட்டையும் கட்டலாம். எத்தனை, எவ்வளவு இடைவெளியில் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். இதெல்லாம் கூரை ஒழுகல் நின்ற பிறகுதான். விளக்கு, ஒலிபெருக்கி எதையும் சீலிங்கில் மாட்டாதீர்கள்.

கே: சுவரில் உப்புப் பூக்கிறது. சிமென்ட் பூசினால் நிற்குமா?

ப: சில காலம் நிற்கும், பிறகு செங்கல்லின் முகத்தோடு பெயரும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை மேற்பரப்பு வழியாக வெளியேற்றும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஏற்கெனவே சிமென்ட் பூசியிருந்தால் கொத்தியெடுத்துச் சுவரைக் காயவிடுங்கள். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. பிறகு சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மிகாமல். அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள்.

கே: சரிவுத் தரையைச் சமமாக்கி, மெத்தை இருக்கைகளை எடுத்துவிட்டால் கல்யாணம், கூட்டம் எல்லாவற்றுக்கும் ஆகுமே?

ப: ஆகும், நாடகத்துக்குத்தான் ஆகாது. மெத்தை இருக்கைகள் ஒலியை உறிஞ்சுகின்றன; எடுத்தால் எதிரொலி நீளும். எதிரொலி தங்கும் நேரம் நொடியில் = 0.161 × அரங்கின் கன அளவு ÷ ஒலி உறிஞ்சும் பரப்பு. 3,000 கன மீட்டர் அரங்கில் உறிஞ்சும் பரப்பு 400 சதுர மீட்டர் என்றால் 1.2 நொடி. இருக்கைக்கு 0.4 சதுர மீட்டர் வீதம் 300 இருக்கையை அகற்றினால் 1.7 நொடி. பேச்சுக்கு 1 நொடியை ஒட்டி இருப்பதே நல்லது, 1.7இல் வசனம் குழம்பும். சரிவை உடைக்காமல், அதன்மேல் ஆணியடிக்காமல் நிற்கும் கழற்று மேடைத்தளம் போடுங்கள். இருக்கைகளை வரிசை வரிசையாகச் சக்கரச் சட்டத்தில் ஏற்றினால் தேவைப்படும்போது தள்ளிக்கொண்டு வரலாம்.

கே: டிக்கெட் இல்லாமல் நுழைகிறார்கள் என்று பக்கவாட்டுக் கதவுகளைப் பூட்டி வைக்கிறோம்.

ப: இன்றே திறந்துவிடுங்கள். சிகாகோ இரோகுவா அரங்கில் 1903இல் தீப்பிடித்தபோது 600 பேருக்கு மேல் இறந்ததற்குப் பூட்டிய கதவுகளும் பழக்கமில்லாத தாழ்களும் பெரிய காரணம். வெளிப்பக்கம் திறக்கும் கதவு, உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே விடுபடும் குறுக்குக்கம்பித் தாழ்; டிக்கெட்டுக்கு ஆள் போட்டுக்கொள்ளுங்கள்.