வலக்கையில் வேகம், இடக்கையில் பாட்டு: மெலோடிக் டெத் மெட்டல் கேள்வி பதில்

மெலோடிக் டெத் மெட்டல் என்பது கர்ஜனைக் குரலும் வேகக் கிட்டாரும் இருந்தாலும் மெட்டை விடாத மெட்டல் இசை. அதைப் பற்றி குமரி, செங்கோட்டை, கம்பம், மூணாறு, பாலக்காட்டுத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேட்டவர்களில் பாதிப் பேர் ஒரே ஆல்பத்தைச் சொல்லி, "இதைப் போல அடிக்கணும், ஆனா பாட்டாவும் இருக்கணும்" என்று எழுதியிருக்கிறார்கள். சுவீடனின் அட் தி கேட்ஸ் குழு 1995-இல் வெளியிட்ட "ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்" தான் அது. அதனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

செங்கோட்டை: அண்ணே, எனக்கு அயர்ன் மெய்டன் வரைக்கும்தான் பழக்கம். இந்த ஆல்பம் முதல் தடவை வெறும் இரைச்சலாத்தான் கேட்டுது. எதைக் கவனிச்சுக் கேக்கணும்?

முதல் தடவை குரலை விட்டுவிட்டு கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள் தம்பி. கிட்டார் வாசிப்பவரின் வலக்கை நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை தந்தியை அடிக்கும். ஆனால் இடக்கை அவ்வளவு வேகமாக நகராது. வேகம் நிமிடத்துக்கு 180 தட்டு என்றால், ஒரு தட்டுக்கு நான்கு வரும் பதினாறாம் பங்குச் சுரங்கள் நொடிக்கு 12 விழும். மெட்டு ஒரு தட்டுக்கு ஒரு சுரம் என்று போனால் நொடிக்கு 3 சுரம்தான். அந்த 3 சுரத்தை வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள், மெய்டன் பாட்டைப் போலவே வரும். கடுமை வலக்கையில் இருக்கிறது, பாட்டு இடக்கையில் இருக்கிறது. இந்த இசையைக் கேட்பதற்கும் சரி, வாசிப்பதற்கும் சரி, இதுதான் சாவி.

ஆல்பம் மொத்தமே 34 நிமிடம், 11 உருப்படிகள். "கோல்ட்" என்ற பாட்டில் வரும் தனிவாசிப்பு கிங் டயமண்ட் குழுவின் ஆண்டி லாராக் வந்து வாசித்துக் கொடுத்தது. பழக்கப்பட்ட காதுக்கு அது நல்ல வாசல். இதற்கு முன்னால் கார்க்காஸின் "ஹார்ட்வொர்க்" (1993), பிறகு இன் ஃப்ளேம்ஸின் "தி ஜெஸ்டர் ரேஸ்" (1996) என்று கேட்டால் வரிசை பிடிபடும்.

மார்த்தாண்டம்: 10-46 தந்தி போட்டிருக்கேன். அப்பிடியே பி ட்யூனிங்குக்கு இறக்கினா தந்தி கயிறு மாதிரி ஆடுது. என்ன சைஸ் போடணும்?

கடைக்காரரிடம் கேட்காமல் நீங்களே கணக்குப் போடலாம். 10-46 என்பது மிக மெல்லிய தந்தி, மிகத் தடித்த தந்தி இரண்டின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். ஈ-யிலிருந்து பி-க்கு ஐந்து அரைச்சுரம் இறக்கம். அதற்கான பெருக்கு எண் 1.335. அதே இழுவிசை வேண்டுமானால் 46-ஐ இதால் பெருக்குங்கள், 61 வரும். 10-ஐப் பெருக்கினால் 13. ஆக 13-62 செட். டி வரைக்கும் மட்டும் இறக்குபவருக்குப் பெருக்கு எண் 1.12, அதாவது 11-52. இந்தக் கணக்கு, அதிரும் தந்தியின் நீளம் 25.5 அங்குலம் உள்ள கிட்டாருக்கு. 24.75 அங்குலக் கிட்டாரில் பழைய 25.5 அங்குல இழுவிசையே வேண்டுமானால் இன்னும் 3 சதவீதம் தடிமன் கூட்டுங்கள். மூன்றாம் தந்தி 22, 23-க்குப் போகும்போது வெறும் கம்பி ஸ்ருதி நிற்காது, சுற்றுத் தந்தியே வாங்குங்கள்.

தடித்த தந்தி போட்டதும் மூன்று கோளாறு வரும். நட்டின் (கழுத்தின் தலைமாட்டில் தந்திகள் உட்காரும் பட்டை) பள்ளம் குறுகலாக இருப்பதால் தந்தி உள்ளே இறங்காமல் மேலே உட்காரும். ட்யூன் பண்ணும்போது "டிங்" என்று சத்தம் கேட்கும், முதல் இரண்டு ஃபிரெட்டில் ஸ்ருதி ஏறியே இருக்கும். நுண் அரத்தால் பக்கவாட்டில் மட்டும் அகலப்படுத்துங்கள். ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியதாகிவிடும். இரண்டாவது, கழுத்தின் வளைவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃபிரெட்டில் இடைவெளி பாருங்கள். கால் மில்லிமீட்டர் போதும். ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டு) ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். மூன்றாவது, 12-ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை விட ஏறி ஒலித்தால், சேடிலை (கீழ் முனையில் தந்தியைத் தாங்கும் துண்டு) பின்னால் தள்ளுங்கள். இதைச் செய்யாமல் இரட்டைக் கிட்டார் ஹார்மனி பதிவு செய்தால் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் ஸ்ருதி சேராது.

குழித்துறை: சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறேன் அண்ணே. ஆல்ட்டோ, டெனர் மாதிரி ரெண்டாவது கிட்டாருக்கு மூணாம் சுரம் வச்சா சில இடத்தில் அழகா இருக்கு, சில இடத்தில் பாட்டே முடியாத மாதிரி தொங்குது. ஏன்?

கொயரில் இருப்பவருக்கு இது பாதி தெரிந்த விஷயம்தான். பி மைனரில் வரிசை இது: பி, சி ஷார்ப், டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ. மெட்டு பி-யில் இருந்தால் இரண்டாம் கிட்டார் டி, சி ஷார்ப்புக்கு ஈ, டி-க்கு எஃப் ஷார்ப். இதுவரை சிக்கல் இல்லை. மெட்டு எஃப் ஷார்ப்பில் வந்து நின்று, கீழே ரிதம் கிட்டார் பி பவர் கார்டு (அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும்) பிடித்திருக்கும்போதுதான் வில்லங்கம். எஃப் ஷார்ப்புக்கு மூன்றாம் சுரம் ஏ. அது பி கார்டுக்கு ஏழாம் சுரம், அதனால் தொங்குகிறது. அந்த ஒரு இடத்தில் ஏ-க்குப் பதில் மேல் பி-க்குப் போய்விடுங்கள், வாக்கியம் முடிந்துவிடும். மெட்டு நிற்கிற சுரங்களுக்கு மட்டும் கீழே உள்ள கார்டைப் பாருங்கள். ஓடுகிற சுரங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் சுரம் வைக்கலாம்.

இன்னொரு பிழை தந்தியை இழுப்பதில். மெட்டு சி ஷார்ப்பிலிருந்து டி-க்கு இழுத்தால் அது அரைச்சுரம். அதே நேரம் இரண்டாம் கிட்டார் ஈ-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இழுக்க வேண்டும், அது முழுச்சுரம். இருவரும் ஒரே அளவு இழுத்தால் ஒருவர் ஸ்ருதி தவறுவார். இழுப்புகளைத் தனியாக எழுதி வைத்துப் பழகுங்கள்.

பதிவு செய்யும்போது இரண்டு வரியையும் ஒரே ஆம்ப்பில் சேர்த்து அனுப்பவே கூடாது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு சுரம் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுச் சுரங்கள் பிறக்கும். பவர் கார்டில் அவை அடிச்சுரத்தோடு ஒட்டிப்போவதால் கனமாக இருக்கிறது. மூன்றாம் சுரத்தில் ஒட்டாமல் சேறாகிறது. தனித்தனி ட்ராக், தனித்தனி ஆம்ப். இரண்டாம் வரியை 2 அல்லது 3 டெசிபெல் குறைத்து வையுங்கள். சமமாக வைத்தால் மேலே இருக்கும் வரிதான் மெட்டு என்று காது எடுத்துக்கொள்ளும்.

கொழிஞ்சாம்பாறை: வயலின் படிக்கிறேன். இதில் வருவது எந்த ராகங்கள் அண்ணா?

மைனர் வரிசை நடபைரவி. நிஷாதத்தை உயர்த்தினால் கீரவாணி. ரிஷபம் இறங்கி இருண்டு ஒலிக்கும் இடங்களில் தோடியின் சுரங்கள். ஆனால் சுரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது தங்கச்சி. அசையும் காந்தாரம் இல்லாமல் தோடி இல்லை. கமகத்தோடு வாசிக்க விரும்பினால் ஒரு கிட்டார் மட்டும் கமகம் செய்யட்டும், மற்றது நேர்ச்சுரத்தில் நிற்கட்டும். இரண்டும் அசைந்தால் ஸ்ருதி பிசகுவதாகவே கேட்கும். கொச்சியின் மதர்ஜேன் குழு 2008-இல் கொண்டுவந்த "மக்தூப்" ஆல்பத்தில் பைஜு தர்மஜன் கர்நாடகப் பிடிகளை மின்கிட்டாரில் கொண்டுவந்த விதத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

கீரவாணிக்கு ஒரு எச்சரிக்கை: ஒரு கிட்டார் ஏ ஷார்ப்பும் மற்றது ஏ-யும் ஒரே தட்டில் பிடித்தால் காது கூசும். எஃப் ஷார்ப் பவர் கார்டில் மூன்றாம் சுரமே இல்லை என்பதால், அதன்மேல் ஏ ஷார்ப் வைக்கத் தடையில்லை.

மூணாறு: எஸ்டேட் லயத்தில் வீடு. ஒரு சுவர்தான், ஆம்ப் போட முடியாது. ஹெட்ஃபோனில் பதிவு பண்றேன். சத்தம் பெருசா இருக்கு, ஆனா கடுமையே இல்லை. கெயின் பத்துல வச்சும் பஞ்சு மாதிரி இருக்கு.

கெயினை, அதாவது டிஸ்டார்ஷன் அளவை, பத்தில் வைத்ததால்தான் பஞ்சு. கெயின் கூடக் கூட பிக் தந்தியில் படும் முதல் அடிக்கும் அதன் வாலுக்கும் வித்தியாசம் அழிந்துவிடும். கடுமை என்று காது எடுத்துக்கொள்வது அந்த வித்தியாசத்தைத்தான்.

கெயினை நாலு, நாலரைக்கு இறக்குங்கள். ஆம்ப் பிளக்-இன்னுக்கு முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் போடுங்கள்: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுவதும், டோன் நடுவில். இது கூடுதல் டிஸ்டார்ஷனுக்காக இல்லை. அடித்தட்டு ஒலி டிஸ்டார்ஷனுக்குள் நுழையும் முன்பே அதைக் குறைத்துவிடுவதால் பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிப்பது) இறுகும். ஆம்ப்புக்குப் பிறகு, ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினட் ஐஆர் கோப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் குளவிக் கூட்டம் மாதிரிதான் கேட்கும்.

அடுத்தது இரட்டைப் பதிவு. ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வாக்கியம்) இரண்டு முறை வாசித்து ஒன்றை முழு இடப்பக்கமும் ஒன்றை முழு வலப்பக்கமும் தள்ளுங்கள். முதல் பதிவை நகலெடுத்துப் போட்டால் நடுவில் ஒற்றைக் கிட்டாராகத்தான் கேட்கும். நகலைச் சில மில்லிநொடி தள்ளி வைக்கும் குறுக்குவழி ஹெட்ஃபோனில் ஏமாற்றும். மோனோ ஸ்பீக்கரில் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டாம் தடவை மனிதக் கை வாசிப்பதில் வரும் நூலளவு மாற்றம்தான் அகலத்தைத் தருகிறது. ஆனால் அது நூலளவு இருக்க வேண்டும். ரிஃபின் நிறுத்தங்கள் இரண்டிலும் ஒரே இடத்தில் வெட்டுப்படவில்லை என்றால் திரும்ப எடுங்கள். ஹார்மனி லீடு இரண்டும் பாதித் தூரம் மட்டும் இடமும் வலமும் போகட்டும், ஓரங்கள் ரிதத்துக்கு.

பி தந்தியின் அடிச்சுரம் 62 ஹெர்ட்ஸ். ஆனால் கிட்டாரில் காது பிடிப்பது 123, 185 என்று மேலே உள்ள மடங்குகளை. ஆகவே கிட்டாரில் 80-க்குக் கீழே தைரியமாக வெட்டுங்கள், அந்த இடம் பேஸுக்கும் கிக்குக்கும் சொந்தம். பேஸ் ட்ராக்கை இரண்டாகப் பிரித்து, 200-க்குக் கீழே சுத்தமாகவும் மேலே டிஸ்டார்ஷனோடும் வையுங்கள். உள்ளீட்டு அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல் போதும். கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 128 போதும், 48 கிலோஹெர்ட்ஸில் அதன் தாமதம் மூன்று மில்லிநொடிக்கும் குறைவு.

மூணாற்று மழைக்காலத்தில் கிட்டாரை உறையிலேயே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாசித்து முடித்ததும் தந்தியைத் துடைக்காமல் விட்டால் ஈரக்காற்றில் வெகு சீக்கிரம் துரு ஏறும்.

கம்பம்: சுவீடன் சத்தத்துக்கு பாஸ் எச்எம்-2 பெடல்தான் வேணும்னு சொல்றாங்களே?

நான்கு குமிழையும் முழுவதும் திருப்பி வைக்கும் அந்த ரம்பச் சத்தம் ஸ்டாக்ஹோமின் அடையாளம். சன்லைட் ஸ்டுடியோவில் பதிவான என்டூம்டின் "லெஃப்ட் ஹேண்ட் பாத்" (1990) அதற்குச் சான்று. கோத்தன்பர்க்கின் ஃபிரெட்மன் ஸ்டுடியோவில் பதிவான ஆல்பங்களில் மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே முதல் வேலை. பழைய எச்எம்-2 1991-இல் நின்றுபோனது, 2020-இல் எச்எம்-2டபிள்யூ என்று திரும்ப வந்தது. மெட்டு வேண்டுமானால் முதலில் இதற்குப் பணம் போடாதீர்கள்.

வாளையார்: கிட்டாரைத் தொட்டா இரைச்சல் நிக்குது, விட்டா வருது. எர்த் பின்னை எடுத்துட்டா சரியாகும்னு ஒருத்தர் சொன்னார்.

எடுக்கவே எடுக்காதீர்கள். 230 வோல்ட்டில் அது உயிர் விஷயம். தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு, உங்கள் உடல் தந்தி வழியாக எர்த்தோடு சேர்கிறது. முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அந்த இரண்டு பின் சார்ஜர்தான். பிறகு எல்லாக் கருவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். தந்தியைத் தொடும்போது விறுவிறுவென்று மின்சாரம் ஏறினால் வாசிப்பதை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடு என்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

போடி: டிரம்மர் இல்லை, கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். தையல் மெஷின் மாதிரி இருக்கு.

எல்லா அடியின் வெலாசிட்டியும், அதாவது அடியின் பலமும், உச்சமான 127-இல் இருப்பதுதான் காரணம். ஸ்னேரில் தனியடிகள் 120 இருக்கட்டும், பிளாஸ்ட் (இடைவிடாத அதிவேக அடி) வரும்போது 95-க்கும் 108-க்கும் நடுவில் ஏற்றி இறக்குங்கள். அந்த வேகத்தில் மனிதக் கைக்கு ஓங்க இடமில்லை. டிரம்மருக்கு இரண்டு கைதான், ஆகவே ஸ்னேரும் டாமும் சிம்பலும் ஒரே தட்டில் விழக்கூடாது. கிக்கை மட்டும் கம்ப்யூட்டரின் தாளக் கோட்டிலேயே வையுங்கள், கிட்டார் அதோடுதான் பூட்டிக்கொள்கிறது. மெட்டு விரியும் இடத்தில் கிட்டாரின் வேகத்தைக் குறைக்காமல் டிரம்ஸை மட்டும் பாதியாக்கிப் பாருங்கள். அதே மெட்டு இரு மடங்கு பெரிதாகத் தெரியும்.

நெடுமங்காடு: தமிழில் எழுதி கர்ஜிச்சுப் பாட முடியுமா அண்ணா? சொல்லே புரியாம போகுது.

முடியும், தமிழுக்கு அதற்கான தசை இருக்கிறது. கர்ஜனையில் ஸ்ருதி கிடையாது, காதுக்குப் போய்ச் சேருவது மெய்யெழுத்தின் வெட்டும் உயிரின் நிறமும்தான். ஆகவே வரியின் அழுத்தம் விழும் இடத்தில் இரட்டித்த வல்லினம் வரட்டும்: க்க, ட்ட, த்த, ற்ற. "பாட்டு", "முற்று" போன்ற சொல்லின் இறுதி உகரம் தானாகவே குறுகிவிடும், அதை ஸ்னேர் அடியில் வெட்டி முடிக்கலாம். "மழையிலே" போல மெல்லினமும் இடையினமும் தொடரும் சொற்கள் கரைந்துபோகும், அவற்றைச் சுத்தக் குரல் வரும் இடத்துக்கு ஒதுக்குங்கள். நீட்டி நிறுத்த ஆகாரமும் ஓகாரமும். ஈகாரம் கூர்மையாக ஏறும், ஒரு பாட்டில் ஒன்றிரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். கிட்டார்களில் 2.5 கிலோஹெர்ட்ஸ் சுற்றி 2 டெசிபெல் குறைத்தால் சொல் முன்னால் வரும்.

களியக்காவிளை: மகன் கொயரில் டெனர். இப்போ இந்த மாதிரி கத்துறான். தொண்டை போயிடுமா சார்?

ஐயா, தொண்டையை இறுக்கிக் கத்தினால் போகும். முறையாகச் செய்பவர்கள் குரல்நாணுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண்களை அதிர வைக்கிறார்கள், ஒலி பெரிதாக இருப்பது மைக்கினால்தான். வெளியே கேட்பதை விட அவர்கள் செலவிடும் காற்று குறைவு. பெருமூச்சு விடும் அளவுச் சத்தத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் பழகச் சொல்லுங்கள். வலியோ கூச்சமோ வந்த நொடியில் நிறுத்த வேண்டும். கொயர் உள்ள நாளில் கொயர் முதலில், இது பிறகு. குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசாமல் மௌனமாக இருப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் கம்மல் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்தே மீண்டும்: கடைசியில் எவ்வளவு சத்தமா ஏத்தணும்?

ஸ்பாட்டிஃபை அதன் சாதாரண அமைப்பில் பாட்டை மைனஸ் 14 லஃப்ஸுக்கு (சராசரிச் சத்தத்தின் அளவு) இறக்கிவிடும், அதனால் மைனஸ் 6-க்கு நசுக்கி அனுப்பினால் அடி மழுங்கியதுதான் மிச்சம். உச்ச அளவு மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். அனுப்புமுன் மோனோவாக்கி ஃபோன் ஸ்பீக்கரில் ஒருமுறை ஓட விடுங்கள். ஹார்மனியின் இரண்டாம் வரி அங்கே காணாமல் போனால் மாஸ்டரிங்கைத் தொடாமல் மிக்ஸுக்குத் திரும்பி அந்த ட்ராக்கை ஒரு டெசிபெல் ஏற்றுங்கள்.