அம்மாவின் மன அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 68 வயதுங்க. அப்பா போனபின் தூக்கமே இல்லாமல் கிடந்தவர், ஆறு மாதமாக எஸ்சிடலோபிராம் 20 மி.கி. சாப்பிட்டுத் தேறிவிட்டார். இது இதயத்துடிப்பைக் கெடுக்கும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். நிறுத்திவிடலாமா?"

நீங்களாக நிறுத்தாதீங்க. திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரும், பழைய துக்கமும் திரும்பி வரலாம். ஆனால் சொந்தக்காரர் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை.

ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்கு இதயத்தின் மின்னோட்டம் தயாராகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஈசிஜியில் அதை க்யூடி என்று அளப்பார்கள். பெண்களுக்கு 460 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நிம்மதி. 500ஐத் தாண்டினால் துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழலாம், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம். எஸ்சிடலோபிராமும் அதன் அண்ணன் சிடலோபிராமும் இந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டும், அளவு கூடக்கூட அதிகமாக நீட்டும். அதனால்தான் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு எஸ்சிடலோபிராம் 10 மி.கி.தான் உச்சம் என்று பிரிட்டன் 2011லேயே சொல்லிவிட்டது. அம்மா சாப்பிடுவது அதைப்போல இரண்டு மடங்கு, டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை அம்மாவின் மாத்திரைப் பையில் வேறென்ன கிடக்கிறது என்பதுதான். நம் ஊரில் வயிறு உப்புசம் என்றாலே மெடிக்கலில் கேட்டு வாங்கும் கேஸ் மாத்திரை பலவற்றில் டோம்பெரிடோன் இருக்கும், அதுவும் க்யூடியை நீட்டும். சளிக்குப் போடும் அசித்ரோமைசின், வாந்திக்கு ஒண்டான்செட்ரான் எல்லாம் அதே ஜாதி. அசிடிட்டிக்குப் போடும் ஒமிப்ரசோலோ எஸ்சிடலோபிராமின் அளவையே ரத்தத்தில் ஏற்றிவிடும். கூடவே பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்று சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கிவிடும், அப்போதும் க்யூடி நீளும். தனியாக இருந்தால் பெரிதாகப் படுத்தாத மாத்திரை, இத்தனை கூட்டாளிகள் சேரும்போதுதான் வம்பு.

அதனால் பையை அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள், கேஸ் மாத்திரையை "அது சும்மாதானே" என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீங்க. ஒரு ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள், சோடியமும்தான், இந்த வயதில் இம்மாத்திரையால் அது குறைவதுண்டு. அளவைக் குறைப்பதா, க்யூடியை அவ்வளவாகத் தொடாத செர்ட்ராலினுக்கு மாற்றுவதா என்பதை அதற்கப்புறம் அவர் முடிவு செய்வார்.

பொட்டாசியத்துக்கென்று தினமும் இளநீராகக் கொடுக்கவும் வேண்டாம். கிட்னிக் கோளாறு இருந்தாலோ, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிட்டாலோ அது அளவுக்கு மீறி ஏறிவிடும். இடையில் மயங்கி விழுந்தாலோ, படபடப்போடு கண் இருட்டினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.