மேவிக் 3 ட்ரோனில் 28 மடங்கு ஜூம் படம் மங்கல்: லென்ஸ் கோளாறா?

நண்பகலில் தூரத்துக் கட்டடத்தை மேவிக் 3 ட்ரோனில் 28 மடங்கு ஜூம் செய்து எடுத்த படம் மங்கலாக இருக்கிறது, லென்ஸ் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். 28 மடங்கில் எடுத்த படத்தை வைத்து லென்ஸைக் குறை சொல்ல முடியாது. 7 மடங்கில் எடுத்துப் பாருங்கள். தூரத்தை நெருக்கிக் காட்டும் அந்த டெலி லென்ஸின் உண்மையான எல்லை அதுதான் (முதன்மை லென்ஸின் 24 மி.மீ.க்கு எதிரே 162 மி.மீ.). அதற்கு மேல் போவதெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே.

7 மடங்கிலும் தூரத்துக் கட்டடம் மங்கலாக இருந்தால், எனக்கு முதல் சந்தேகம் காட்சியை நெளியவைக்கும் வெப்பக்காற்று மேல்தான். நீங்கள் எடுத்தது நண்பகல் வேறு. அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல லென்ஸும் தோற்றுப்போகும்.

அதனால் அதிகாலையில், காற்று அடங்கியிருக்கும்போது, செங்கல் சுவர் மாதிரி நுணுக்கமான ஒன்றைச் சற்று அருகிலிருந்து எடுங்கள். ஷட்டர் 1/1000 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) குறைவாக. ஒரே சட்டகத்தில் வரிசையாகப் பத்துப் படம். மங்கல் படத்துக்குப் படம் மாறினால் காற்றோ அதிர்வோ காரணம். எல்லாவற்றிலும் அதே மூலை மட்டும் மங்கினால் லென்ஸைச் சந்தேகிக்கலாம். அப்போது அந்தப் படங்களோடு சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: போன் திரையில் பறக்கும்போது தெரியும் காட்சி சுருக்கப்பட்டது. மெமரி கார்டில் உள்ள மூலப் படத்தைக் கணினியில் 100% அளவில் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.