மையில் தெரிந்த ஆள்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் எங்கள் வீடு. போன மாதம் பொழுது கருகும் நேரத்தில் டிப்பர் ஒன்று சைக்கிளில் வந்த ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் உயிர் தப்பினார். ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. கண்டவர் படலையடியில் நின்ற என் அம்மா மட்டுமே. பொலிஸார் வாக்குமூலம் எடுத்தபோது வாகனத்தின் இலக்கத்தை அம்மாவால் சொல்ல முடியவில்லை. பின்கதவுச் சங்கிலி தெருவில் இழுபட்ட சத்தம் மட்டும் இன்னும் காதுக்குள் கேட்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளிநாடுகளில் சாட்சிகளை மனோவசியத்துக்கு (ஹிப்னாட்டிசம்) உட்படுத்தி, மறந்துபோன வாகன இலக்கங்களைக்கூட எடுத்திருக்கிறார்கள் என்று காணொளி ஒன்றில் பார்த்தேன். வவுனியாவில் மனோவசியம் செய்கிற ஒருவரை என் நண்பருக்குத் தெரியும். அம்மாவை அங்கே கூட்டிச் செல்லலாமா? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் சாட்சியமளிக்கவும் இம்முறை உதவாதா?

சி.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவைக் கூட்டிச் செல்ல வேண்டாம். மனோவசியம் வெறும் ஏமாற்று என்று நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. நோவைத் தணிக்கவும் பதகளிப்பைக் குறைக்கவும் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் உளவியலாளர்களும் அதைக் கையாளுகிறார்கள், பயனும் உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் ஏறப்போகும் ஒரு சாட்சியின் ஞாபகத்தில் கை வைப்பது வேறு விடயம்.

நீங்கள் பார்த்த காணொளி பெரும்பாலும் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற சிற்றூரில் 1976 இல் நடந்த கடத்தலைப் பற்றியதாகவே இருக்கும். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கே போய்த்தான் நிற்கும். பாடசாலைப் பேருந்தில் சென்ற 26 பிள்ளைகளையும் சாரதியையும் கடத்தி, ஒரு கற்குவாரியில் மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த பாரவூர்திப் பெட்டிக்குள் அடைத்தார்கள். சுமார் 16 மணித்தியாலங்களின் பின் அவர்கள் தாங்களே வழி உண்டாக்கிக்கொண்டு வெளியேறினார்கள். பின்னர் மனோவசிய நிலையில் சாரதி, கடத்தற்காரரின் வாகனம் ஒன்றின் இலக்கத்தைச் சொன்னார். ஓரிடம் மட்டும் பிழையாக இருந்தது. இது உண்மை. ஆனால் அந்தக் கற்குவாரி யாருடைய குடும்பத்துக்குச் சொந்தம் என்பதும் விசாரணையாளரின் கையில் இருந்த வலுவான தடயம் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

வாகன இலக்கத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்தானே, பிறகென்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொழுது கருகுகிற நேரம், ஓடிக்கொண்டிருக்கிற டிப்பர், அடிபட்டு விழுந்து கிடக்கிற மனிதர். அந்த நேரத்தில் அம்மாவின் கண் இலக்கத் தகட்டுக்குப் போயிருக்குமா, விழுந்தவரிடம் போயிருக்குமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பார்க்காத ஒன்றை எந்த உறக்கத்தில் ஆழ்த்தியும் எடுக்க முடியாது. ஆனால் எடுக்கச் சொல்லி ஒருவர் பக்கத்தில் இருந்து மென்மையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏதோ ஒன்று வரும். அப்படி வருகிற இலக்கத்தைக் கொண்ட ஒரு டிப்பர் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும். அதற்கொரு சாரதியும், அவருக்கொரு குடும்பமும் இருக்கும்.

இப்படி ஏதோ ஒன்று வருகிற விதத்தை நான் சிறு வயதிலேயே கண்டிருக்கிறேன். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் பட்டியில் இரண்டு எருமைகள் காணாமற் போயின. பெரியப்பா மை பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார். மைக்குள் பார்ப்பதற்கு ஒரு சின்னப் பிள்ளை வேண்டும். வீட்டில் அன்றைக்கு இருந்த சின்னப் பிள்ளை நான்தான். வெற்றிலையில் கறுப்பு மையைப் பூசி, விளக்குச் சுடருக்கு முன்னால் என் கையில் தந்து, கண் வெட்டாமல் பார்க்கச் சொன்னார். முதலில் சுடரின் மினுக்கத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. “ஒரு ஆள் வந்து இடத்தைக் கூட்டுறார், தெரியுதோ?” என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. “மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு போறவன் உசந்த ஆளோ, கட்டையோ?” உசந்த ஆள் என்றேன். “தலையிலை லேஞ்சி கட்டியிருக்கிறானோ?” ஓம் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. மைக்குள் லேஞ்சி கட்டிய ஓர் ஆள் நின்றான். அந்த அடையாளத்துக்குப் பொருந்திய ஒருவர், காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவர், எங்கள் ஊரில் இருந்தார். அவரை இரவு முழுக்க வைத்து விசாரித்தார்கள். எப்படி விசாரித்தார்கள் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. நான்காம் நாள் இரண்டு எருமைகளும் தாமாகவே பட்டிக்குத் திரும்பி வந்தன. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த லேஞ்சிக்காரனின் முகம், கடைவாயில் ஒட்டியிருந்த வெற்றிலைக் காவி உட்பட, எனக்குத் தெரிகிறது. மை பார்த்தவர் வெற்றிலைக் காவியைப் பற்றிக் கேட்கவேயில்லை. அதை என் மனம் தானாகவே பூசிக்கொண்டது.

இதை ஆய்வுகூடத்திலும் செய்து பார்த்திருக்கிறார்கள். மொன்றியலில் லோரன்ஸ், பெரி என்ற இரு உளவியலாளர்கள் மனோவசியத்துக்கு எளிதில் உட்படுகிற 27 பேரைத் தெரிந்தெடுத்து, முந்திய வாரத்தின் ஓர் இரவில் பெரிய சத்தம் கேட்டு விழித்ததாக அந்த நிலையில் அவர்களுக்குச் சொல்லி வைத்தார்கள். அப்படி விழித்த நினைவு அவர்களில் எவருக்கும் முன்பு இருக்கவில்லை. மனோவசியம் கலைந்த பின்னர் 13 பேர் அந்தச் சத்தத்தைத் தங்கள் சொந்த ஞாபகமாகவே சொன்னார்கள். 1983 இல் வெளிவந்த ஆய்வு இது. 1985 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிவியற் குழு, மனோவசியத்தால் வெளிவரும் நினைவுகள் சாதாரண நினைவுகளைவிடத் திருத்தமானவை அல்ல, அவற்றில் புனைந்த நினைவுகளும் கலந்துவிடக்கூடும் என்று அறிக்கையிட்டது.

என்னை அதிகம் அச்சப்படுத்துவது பிழையான நினைவு வருவதுகூட அல்ல. மனிதரின் ஞாபகம் எப்போதும் பிழைவிடக்கூடியதே. மனோவசியத்தின் பின் சாட்சியின் தயக்கம் போய்விடுகிறது என்பதே என் அச்சம். “வெள்ளை நிறம் போல இருந்தது, நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்” என்று சொல்லியிருக்க வேண்டியவர், சரியானதையும் பிழையானதையும் ஒரே உறுதியோடு சொல்லத் தொடங்குகிறார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணை பற்றிப் பிடிப்பது அந்தத் தயக்கத்தைத்தான். தான் நம்புவதையே மனமறிந்து சொல்லும் ஒருவரை எந்தக் கேள்வியாலும் அசைக்க முடியாது. நீதிபதியும் அந்த உறுதியை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

இதனாலேயே பல நீதிமன்றங்கள் பின்வாங்கின. மனோவசியத்துக்கு உட்பட்ட சாட்சி அதே சம்பவத்தைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1982 இல் தீர்ப்பளித்தது. கனடிய உச்ச நீதிமன்றம் 2007 இல் அத்தகைய சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்ற அனுமானத்தையே பொது விதியாக்கியது. பல ஆண்டுகளாகப் பொலிஸாருக்கே இதில் பயிற்சி கொடுத்துவந்த டெக்சாஸ் மாநிலம்கூட 2021 இல் தன் பொலிஸ் திணைக்களத்தின் மனோவசியத் திட்டத்தைக் கைவிட்டு, 2023 இல் குற்றவியல் வழக்குகளில் அவ்வாறு பெறப்பட்ட கூற்றுகளைத் தடுக்கச் சட்டமும் இயற்றியது. (தமிழ்ப் படங்களில் வருகிற ‘உண்மை ஊசி’ வேறு, ஒருவரின் சம்மதமின்றி அதைப் போடக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010 இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் சொல்லிவிட்டது.) ஆகவே நாளைக்கு அந்த டிப்பர்க்காரர் வேறு வழியில் பிடிபட்டாலும், அம்மா வவுனியாவுக்குப் போய் வந்த செய்தி எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் காதில் விழுந்தால், அம்மா உண்மையாகவே கண்டதையும் சேர்த்துச் சந்தேகிக்க அது போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லுகிறேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்த தாய், பிள்ளை போட்டிருந்த சட்டையின் நிறத்தைக்கூட மறக்கவில்லை. ஆணைக்குழுக்களின் முன்னும் அலுவலகங்களின் முன்னும் அதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். அவரை இன்னுமொரு தடவை அந்த நாளுக்குள் ஆழ்த்துவது கொடுமை. அவருடைய சாட்சியத்தைப் பலவீனப்படுத்த நினைப்பவருக்கும் அதைவிட நல்ல வழி கிடைக்காது.

இனி, செய்யக்கூடியதைப் பார்ப்போம். பிஷர், கைசல்மன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1980களில் சாட்சிகளிடம் கேட்பதற்கு வேறொரு முறையை உருவாக்கினார்கள். 1985 இல் அதைப் பொலிஸாரின் வழமையான விசாரணையோடும் மனோவசியத்தோடும் ஒப்பிட்டபோது, இரண்டு முறைகளும் வழமையான விசாரணையைவிடக் கூடுதலான சரியான தகவல்களைத் தந்தன. மனோவசியம் இல்லாமலே அதே பலன் கிடைத்தது. மனோவசியத்தில் உதவியது உறக்கம் அல்ல, அவசரப்படாத, குறுக்கே பேசாத கேட்டல்தான் என்று நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

அம்முறையில் சாட்சியை முதலில் மனத்தால் அந்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள்: படலையடியில் எந்தக் கையில் என்ன வைத்திருந்தார், அடுப்பில் என்ன இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது. பிறகு முக்கியம், முக்கியமில்லை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார்கள். பின்னர் கடைசியில் இருந்து பின்னோக்கி ஒரு தடவை. “வெள்ளை டிப்பரோ?” என்று கேட்க மாட்டார்கள், “வாகனத்தைப் பற்றிச் சொல்லுங்கோ” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தெரியாது என்ற பதிலும் பதில்தான் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள்.

இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். மகன் கேட்கிற கேள்வியும் மை பார்த்தவரின் கேள்வி போல ஆகிவிடலாம். அம்மாவுக்கு உங்களைத் திருப்திப்படுத்த வேண்டும் என்றிருக்கும். ஒரு சட்டத்தரணியின் உதவியோடு மேலதிக வாக்குமூலம் கொடுக்கக் கேளுங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். சிங்களத்தில் எழுதினால் கையொப்பம் வைக்க முன் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அந்தச் சங்கிலிச் சத்தம் முதல் வாக்குமூலத்தில் இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். பின்கதவுச் சங்கிலி அறுந்து தொங்குகிற டிப்பர்கள் அந்த வீதியில் அதிகம் இருக்காது.