ஜிம்பாப்வே: அருவியோடு திரும்பிவிடலாமா?

கேள்வி: காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் கடைசியில் ஜிம்பாப்வே போகிறோம். நான், கணவர், 12 வயது மகன், 68 வயது அம்மா. கையில் ஒன்பது நாள். முகவர் விக்டோரியா அருவியில் தங்கல், சிங்கத்தோடு நடைப்பயணம் என்று போட்டுத் தந்திருக்கிறார். 'அங்கே வரலாற்று இடமெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை' என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். என்ன செய்யலாம்? - கோவை வாசகி

பதில்: முகவர் சொன்னதை ஏற்காதீர்கள். அந்த நாட்டுக்குப் பெயரே ஒரு வரலாற்று இடத்திலிருந்து வந்ததுதான். 1980இல் விடுதலை கிடைத்தபோது, ரொடீசியா என்ற பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு மஸ்விங்கோ அருகே இருக்கும் பழைய கல்நகரத்தின் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஹராரேயில் இறங்கி, விக்டோரியா அருவி ஊரில் விமானம் ஏறுவது போலத் திட்டத்தை மாற்றுங்கள். இரண்டு ஊரிலும் பன்னாட்டு விமான நிலையம் உண்டு. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை, ஒன்பது நாள் தாராளமாகப் போதும்.

ஹராரேயிலிருந்து தெற்கே கிட்டத்தட்ட 300 கி.மீ. போனால் அந்தக் கல்நகரம், கிரேட் ஜிம்பாப்வே. 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் மூதாதையர் கட்டி வாழ்ந்த தலைநகரம். பெரிய வளாகத்தின் வெளிமதில் சுமார் 250 மீட்டர் சுற்றளவு, சில இடங்களில் 11 மீட்டர் உயரம். சுண்ணாம்போ சாந்தோ எதுவும் இல்லாமல், செங்கல் அளவுக்கு உடைத்த கருங்கல்லை வரிவரியாக அடுக்கியே எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே இரண்டு மதிலுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராகப் போகும் ஒடுங்கிய சந்து ஒன்று வளைந்து போகும். மகனை முன்னால் விட்டு அதில் நடந்து பாருங்கள். சந்து முடிகிற பக்கத்தில்தான் கூம்புக் கோபுரம் நிற்கிறது. வெளியே வந்து தென்கிழக்குப் பக்க மதிலின் உச்சியை அண்ணாந்து பார்த்தால் கல்லை வளைவு நெளிவாகக் கோத்த பட்டை ஒன்று தெரியும். அதைக் காணாமல் திரும்பிவிடாதீர்கள்.

இதை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது என்று வெள்ளையர் ஆட்சி நெடுங்காலம் சாதித்தது. 1905இல் ராண்டல் மக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் அகழ்ந்து பார்த்து, இது அந்த மண்ணின் மக்கள் கட்டியதே என்று எழுதினார்கள். பிறகும் ரொடீசிய அரசு அந்த உண்மையை அமுக்கப் பார்த்தது. இங்கே கிடைத்த சீனப் பீங்கான், கண்ணாடி மணி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் கில்வா துறைமுக நாணயம் எல்லாம் இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு இந்த ஊருக்கு இருந்த உறவைச் சொல்கின்றன. தேசியக் கொடியில் இருக்கும் பறவையின் மூலச் சிற்பங்களை, மாக்கல்லில் செதுக்கியவற்றை, அங்குள்ள அருங்காட்சியகத்தில் பாருங்கள். அம்மாவுக்கு மதில் வளாகம் சிரமம் தராது. குன்றின் மேல் இருக்கும் பகுதி படியேற்றம். அதற்கு நீங்களும் மகனும் வெயில் ஏறுமுன் காலையில் போய் வந்துவிடுங்கள்.

அடுத்து புலவாயோ. பக்கத்தில் இருக்கும் மட்டோபோ குன்றுகளை நான் இந்தப் பயணத்தின் நடுமையம் என்றே சொல்வேன். பாரம்பரியமும் விலங்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கிடைக்கும். பாறைமேல் பாறை உட்கார்ந்திருக்கும் கருங்கல் நிலம். குகைகளில் சான் என்ற பழங்குடி வேட்டைக்காரர்கள் தீட்டிய ஓவியங்கள். இன்ஸ்வாட்டுகி குகையில் ஒட்டகச்சிவிங்கியின் உருவம் அவ்வளவு துல்லியம். படம் பளிச்சென்று விழ வேண்டும் என்று யாராவது தண்ணீர் தெளித்தால் தயங்காமல் தடுங்கள். பொமொங்வே குகையில் 1920களில் ஓவியத்தைக் காப்பதாக எண்ணெய் பூசி, பார்க்க முடியாமல் கெடுத்துவிட்டார்கள். தேசியப் பூங்காப் பகுதியில் வழிகாட்டியோடு வண்டியில் போய், இறங்கி நடந்தே வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்க்கலாம். சிறுவர்களுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புலவாயோவுக்கு மேற்கே 22 கி.மீ.யில் காமி என்ற இன்னொரு கல்நகரமும் உண்டு. மஸ்விங்கோ போக நேரமில்லாதவர்கள் இதையாவது பார்க்கலாம். நீங்கள் விட்டுவிடலாம்.

இப்போது ஹ்வாங்கே. 14,600 சதுர கி.மீ., நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. செப்டம்பர் கடைசி என்பது உங்கள் அதிர்ஷ்டம். கலஹாரி மணல் பரந்த இந்தக் காட்டில் வற்றாத ஆறு கிடையாது. 1930களிலிருந்தே ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து பம்பு வைத்து இறைத்துத்தான் குட்டைகளை நிரப்புகிறார்கள். மழைக்கு முந்தைய வறட்சியில் விலங்குகள் அத்தனையும் அந்தக் குட்டைகளைத் தேடி வந்தாக வேண்டும். ஆகவே நாள் முழுக்க ஜீப்பில் அலையாதீர்கள். மெயின் கேம்ப் அருகே இன்யமண்ட்லோவு என்ற பரண் மேடை இருக்கிறது. மாலை மூன்று மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். அம்மாவுக்கும் இதுதான் வசதி. யானைக் கூட்டம் புழுதி பறக்க வரும். கடைசி நூறு மீட்டரைக் குட்டிகள் ஓடியே கடக்கும். சேற்றுத் தண்ணீர் நிறைய இருந்தாலும் பெரிய யானைகள் பம்புக் குழாய் வாயருகே முண்டியடிக்கும், அங்கேதான் சுத்தமான தண்ணீர். வயதான பெண் யானை நின்றால் மற்றவை விலகி வழிவிடும். பம்பு நின்றால் என்ன ஆகும் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள்: 2019 வறட்சியில் ஜிம்பாப்வேயில் 200 யானைகளுக்கு மேல் செத்துப்போயின.

பூங்கா வாசலருகே ஆப்பிரிக்கக் காட்டுநாய்களுக்கான காப்பகம் ஒன்று இருக்கிறது. காட்டில் வைத்த கம்பிக் கண்ணிகளைத் தேடி எடுத்து, அந்தக் கம்பியிலேயே பொம்மை செய்து விற்கிறார்கள். வாங்கினால் இங்கே வாங்குங்கள்.

சிங்கத்தோடு நடைப்பயணம் வேண்டவே வேண்டாம். குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து, மனிதர் கைக்குப் பழக்கிய சிங்கங்கள் அவை. மனிதர் பயம் விட்டுப்போன சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. வளர்ந்த பிறகு அதற்கு வாழ்வே இல்லை. அந்தப் பணத்தில் ஹ்வாங்கேயில் இன்னொரு இரவு தங்குங்கள்.

விக்டோரியா அருவிக்கு இரண்டு இரவு போதும். 1.7 கி.மீ. அகலம், 108 மீட்டர் ஆழம். ஆனால் நீங்கள் போகும்போது தண்ணீர் குறைந்திருக்கும். முழு வேகம் ஏப்ரலில்தான். அருவியும் விலங்கும் ஒரே பருவத்தில் உச்சத்தில் கிடைக்காது. கவலை வேண்டாம், அருவி இரு நாட்டு எல்லையில் இருக்கிறது; ஜாம்பியா பக்கம் பாறை தெரியும் காலத்திலும் ஜிம்பாப்வே பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். பாதையும் பெரும்பாலும் சமதளம். மாலையில் ஜாம்பேசி ஆற்றுப் படகில் அம்மா உட்கார்ந்தபடியே நீர்யானை, முதலை பார்க்கலாம்.

சாப்பாடு: சட்சா என்ற சோளமாவுக் களியும், முரிவோ என்ற கீரையும் எங்கும் கிடைக்கும். கீரையில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அமெரிக்க டாலரில் சில்லறை நோட்டுகள், கிழிசல் இல்லாமல், நிறைய எடுத்துப் போங்கள். வண்டியை இருட்டுவதற்குள் நிறுத்திவிடச் சொல்லுங்கள். இரவில் சாலையில் மாடும் கழுதையும் நிற்கும். ஹ்வாங்கேயிலும் அருவி ஊரிலும் மலேரியா உண்டு, தடுப்பு மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, மஞ்சள் காய்ச்சல் ஊசி. அந்தக் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் ஜிம்பாப்வே இல்லை. ஆனால் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகத் திரும்பி, அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே தங்கினால், சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கும்போது தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டதால் ஊசி போடுமுன் டாக்டரிடம் கேட்டாக வேண்டும். அவர் வேண்டாம் என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியேறாதபடி இணைப்பு விமானத்தைப் பதிவு செய்யுங்கள்.